துவங்காத சர்வர்: பிழை பிறக்கும் இடமும் தெரியும் இடமும்

யுனிக்ஸ் வகை சர்வர் ஒன்று மறுதொடக்கத்துக்குப் பின் எழாமல் நின்றுவிட்டால், அதைச் சுற்றி நடக்கும் பேச்சில் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் வரும். ஒன்று, "நேற்று வரை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது" என்பது. மற்றொன்று, "எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவிவிடலாம்" என்பது. முதல் வாக்கியம் உண்மைதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு பிழை இன்றைக்குத்தான் உண்டாயிற்று என்று முடிவு கட்டுவது பெரும்பாலும் தவறாகிவிடுகிறது. இரண்டாவது வாக்கியத்தின்படி நடந்தால், காரணத்தைக் காட்டக்கூடிய தடயங்கள் அத்தனையும் பழைய அமைப்போடு சேர்ந்து அழிந்துபோகின்றன. அதே தவறு புதிய அமைப்பிலும் சில மாதங்களில் திரும்பி வருவதற்கு வழி திறந்தே கிடக்கிறது.

ஓடிக்கொண்டிருக்கும் சர்வர், தான் துவங்கிய நேரத்தில் வட்டிலிருந்து நினைவகத்துக்கு ஏற்றிக்கொண்டவற்றை வைத்தே ஓடுகிறது. அதன் பிறகு புதிய கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நிறுவப்படலாம், அமைப்புக் கோப்பில் ஒரு வரி திருத்தப்படலாம், ஒரு வட்டு கழற்றப்படலாம். இவற்றில் பல மாற்றங்கள் அடுத்த துவக்கம் வரை யாராலும் சோதிக்கப்படுவதில்லை. எனவே மாதக்கணக்கில் நிறுத்தப்படாமல் ஓடிய சர்வரை ஒருநாள் மறுதொடக்கம் செய்யும்போது, அந்த மாதங்களில் நடந்த மாற்றங்கள் எல்லாமே ஒரே நேரத்தில் தேர்வுக்கு வருகின்றன. நிறுவல் பிழையையும் துவக்கப் பிழையையும் இரண்டு தனித்தனிப் பாடங்களாகப் படிப்பவர்களுக்கு இந்தத் தொடர்பு பிடிபடுவதில்லை என்பதால், இங்கே இரண்டையும் சேர்த்தே பார்ப்போம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் லினக்ஸ் சர்வர்களைச் சார்ந்தவை. ஆயினும் சிந்திக்கும் முறை எல்லா யுனிக்ஸ் குடும்பத்துக்கும் பொருந்தும்.

துவக்கம் என்பது ஒரு தொடர் ஓட்டம்

தொடர் ஓட்டப் போட்டியில் முதல் வீரர் தன் தூரத்தை ஓடி முடித்து, கையிலிருக்கும் கோலை அடுத்தவரிடம் கொடுக்கிறார். கோல் கைமாறும் இடத்தில்தான் அது தவறி விழுவது வழக்கம். கோல் எந்த இடத்தில் விழுந்தது என்று தெரிந்தால், அதற்கு முன்பு ஓடியவர்கள் தத்தம் வேலையைச் சரியாகச் செய்துவிட்டார்கள் என்பதும் கூடவே தெரிந்துவிடும். சர்வரின் துவக்கமும் இப்படியே நடக்கிறது.

முதலில் ஓடுவது ஃபர்ம்வேர். இது தாய்ப்பலகையிலேயே பதிக்கப்பட்டிருக்கும் சிறு மென்பொருள். பழைய இயந்திரங்களில் பயாஸ் என்றும், புதியவற்றில் யூஇஎஃப்ஐ என்றும் அழைக்கப்படுகிறது. நினைவகமும் வட்டுகளும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, அடுத்த நிரலை எங்கிருந்து எடுப்பது என்று முடிவு செய்வது இதன் வேலை. பயாஸ் முறையில் வட்டின் முதல் 512 பைட்டுகளை இது படிக்கும். அவற்றில் துவக்க நிரலுக்குக் கிடைக்கும் இடம் 446 பைட்டுகள்தாம். யூஇஎஃப்ஐ முறையில், வட்டில் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட ஒரு சிறு பகுதியில் சாதாரணக் கோப்பாகவே அந்த நிரல் இருக்கும்.

இரண்டாவது, பூட் லோடர். கெர்னல் கோப்பை வட்டில் தேடி எடுத்து நினைவகத்தில் ஏற்றும் நிரல் இது; லினக்ஸ் சர்வர்களில் பெரும்பாலும் கிரப் என்ற பூட் லோடர் இருக்கும். மூன்றாவது, கெர்னல். வன்பொருளையும் மற்ற எல்லா நிரல்களையும் ஆளும் மையப் பகுதி அதுவே. ஆனால் கெர்னல் தனியாக ஓடுவதில்லை. இனிட்ராம்எஃப்எஸ் என்ற ஒரு துணைக் கோப்பு அதனுடன் ஏற்றப்படுகிறது. உண்மையான வட்டைத் திறப்பதற்குத் தேவையான டிரைவர்களும் (வன்பொருளை இயக்கும் நிரல்கள்) சிறு கருவிகளும் அடங்கிய, நினைவகத்தில் மட்டுமே தற்காலிகமாக வாழும் ஒரு கோப்பு முறைமை அது. டிரைவர் வட்டுக்குள் இருக்கிறது, வட்டைத் திறக்கவோ டிரைவர் வேண்டும் என்ற முட்டுக்கட்டையை நீக்குவதற்காகவே இந்த ஏற்பாடு.

நான்காவது, இனிட். கெர்னல் தொடங்கி வைக்கும் முதல் நிரல் இதுதான் என்பதால் இதன் செயல் எண் எப்போதும் 1. இன்றைய பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களில் இந்த இடத்தில் இருப்பது, 2010-இல் அறிமுகமான சிஸ்டம்டி. இது வட்டுப் பகுதிகளை இணைத்து, வலையமைப்பை எழுப்பி, கடைசியாகத் தரவுத்தளம், வலை சர்வர் போன்ற சேவைகளை வரிசைப்படி தொடங்கி வைக்கிறது.

ஆக, ஃபர்ம்வேர், பூட் லோடர், துணைக் கோப்புடன் கெர்னல், இனிட், சேவைகள் என்று ஐந்து கைகள். "சர்வர் எழவில்லை" என்று சொல்லப்படும் ஒவ்வொரு நிகழ்விலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கோல் இப்போது எந்தக் கையில் இருக்கிறது என்பதே.

திரையின் கடைசி வரிகள்

அந்தக் கேள்விக்கு விடை திரையில் இருக்கிறது. ஆனால் தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக மட்டுமே சர்வரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தத் திரை தெரியாது. எஸ்எஸ்ஹெச் என்பதே ஐந்தாவது கையில் இருக்கும் ஒரு சேவைதான் என்பதால், அதற்கு முன்பு எங்கே தடுக்கினாலும் "இணைக்க முடியவில்லை" என்ற ஒரே விளைவுதான் அவர்களுக்குத் தெரியும். ஆகவே முதல் வேலை, சர்வரின் சொந்தத் திரையான கன்சோலை அடைவது. நேரடித் திரையோ, சர்வருக்குள்ளேயே இருக்கும் தொலைநிர்வாகப் பலகையோ, மேகக் கணிமைச் சேவையாக இருந்தால் அவர்கள் தரும் சீரியல் கன்சோலோ, ஏதேனும் ஒன்று வேண்டும். கன்சோலைப் பார்க்காமல் செய்யப்படும் பழுதுநீக்கம் வெறும் ஊகமாகவே முடியும்.

கிரப் மெனுவே வரவில்லை, துவக்கக்கூடிய சாதனம் எதுவும் இல்லை என்று மட்டும் செய்தி வருகிறது என்றால், கோல் இன்னும் ஃபர்ம்வேரிடமே இருக்கிறது. வட்டு கண்டறியப்படவில்லை, அல்லது துவக்க வரிசை மாறியிருக்கிறது, அல்லது யூஇஎஃப்ஐ முறையில் நிறுவப்பட்ட அமைப்பைப் பழைய பயாஸ் முறையில் துவக்கப் பார்க்கிறோம். இந்த நிலையில் கெர்னலைச் சந்தேகிப்பதற்கு இடமே இல்லை. அது இன்னும் தொடப்படவே இல்லை.

கிரப் தடுக்கும்போது இரண்டு வகையான கட்டளைக் குறிகள் தோன்றலாம். "கிரப் ரெஸ்க்யூ" என்ற குறி வந்தால், கிரப்பின் மிகச் சிறிய மையப்பகுதி மட்டும் ஏறியிருக்கிறது, தன் மற்ற கோப்புகள் இருக்கும் வட்டுப் பகுதியை அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பொருள். வட்டுப் பகுதிகளை அழித்து மாற்றி அமைத்த பிறகு இது அடிக்கடி நேரும். வெறும் "கிரப்" என்ற குறி வந்தால், கிரப் முழுமையாக ஏறிவிட்டது, ஆனால் எந்தக் கெர்னலைத் துவக்குவது என்று சொல்லும் மெனுக் கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள். இரண்டாவது நிலையில் கெர்னலின் இடத்தை நாமே தட்டச்சு செய்து துவக்க முடியும். முதல் நிலையில் அதற்கு முன்பு கிரப்புக்கு அதன் வீட்டைக் காட்டித்தர வேண்டியிருக்கும்.

அடுத்தது, புதியவர்களை மிகவும் அஞ்ச வைக்கும் கெர்னல் பேனிக். மேலே தொடர்ந்தால் தரவு சேதமாகும் என்று கருதும் கெர்னல், தானாகவே எல்லாவற்றையும் நிறுத்திவிடும் நிலை இது. பேனிக் என்றதும் வன்பொருள் போய்விட்டது என்று முடிவு கட்டுபவர்கள் பலர். ஆனால் துவக்கத்தின்போது அடிக்கடி வரும் பேனிக் செய்தியில், ரூட் கோப்பு முறைமையை (முழு அமைப்பும் அடங்கிய முதன்மைக் கோப்பு முறைமையை) இணைக்க முடியவில்லை என்ற வாசகத்தைத் தொடர்ந்து "அன்னோன் பிளாக்" என்றும், அடைப்புக்குறிக்குள் இரண்டு எண்களும் இருக்கும். அந்த எண்களைப் படிக்காமல் விடக் கூடாது. அவை 0,0 என்று இருந்தால், கெர்னலின் கண்ணுக்கு அந்த வட்டே தெரியவில்லை. பெரும்பாலும் இனிட்ராம்எஃப்எஸ் ஏற்றப்படவில்லை, அல்லது வட்டுக்கான டிரைவர் அதில் இல்லை. 8,1 போன்ற எண்கள் இருந்தால் வட்டு தெரிகிறது, அதிலுள்ள கோப்பு முறைமையைத்தான் திறக்க முடியவில்லை. ஒரே தோற்றமுடைய இரண்டு பேனிக் செய்திகள், இவ்வாறு வேறு வேறு திசைகளுக்கு நம்மை அனுப்புகின்றன.

ரூட் வட்டைத் தேடிச் சலித்துப்போய், இனிட்ராம்எஃப்எஸ் தனக்குள்ளேயே ஒரு சிறு கட்டளைச் சூழலைத் திறந்து வைத்து நிற்பதும் உண்டு. டெபியன், உபுண்டு அமைப்புகளில் இன்ன யூயூஐடி கொண்ட வட்டு இல்லை என்ற எச்சரிக்கையோடு இது வரும். யூயூஐடி என்பது கோப்பு முறைமை ஒவ்வொன்றுக்கும் உருவாக்கப்படும்போதே தரப்படும் நீண்ட தனி அடையாளம். அங்கே வட்டுகளைப் பட்டியலிட்டுப் பார்த்து, தேடப்படும் அடையாளம் உண்மையிலேயே இல்லையா, அல்லது வட்டு சற்றுத் தாமதமாகத் தோன்றியதா என்று அறியலாம்.

சுருங்கச் சொன்னால், திரையில் கடைசியாக நிற்கும் சில வரிகள் எந்தக் கட்டத்தில் தடை என்பதைக் காட்டுகின்றன. பல அமைப்புகளில் இந்த வரிகளை மறைத்து வைக்கும் "கொயட்" என்ற சொல் கெர்னல் கட்டளை வரியில் இருக்கும். கிரப் மெனுவில் ஈ விசையை அழுத்தி, அந்த ஒரு துவக்கத்துக்கு மட்டும் அச்சொல்லை நீக்கினால் மறைந்திருந்தவை வெளிவரும்.

தொண்ணூறு விநாடிக் காத்திருப்பு

நான்காவது கையில் நேரும் பிழைகளில் ஒன்றை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். பார்க்க மிகச் சிறியதாகவும், நிறுத்துவது முழுச் சர்வரையுமாகவும் இருக்கும் பிழை அது.

ஈடிசி அடைவில் எஃப்எஸ்டேப் என்றொரு கோப்பு இருக்கிறது. துவக்கத்தின்போது எந்த வட்டுப் பகுதியை எந்த அடைவில் இணைக்க வேண்டும் என்று ஒரு வரிக்கு ஒன்றாகச் சொல்லும் பட்டியல் இது. ஒவ்வொரு வரியிலும் ஆறு புலங்கள். ஒருவர் காப்புப் பிரதிகளுக்காகக் கூடுதல் வட்டு ஒன்றைச் சேர்த்து, இந்தப் பட்டியலில் ஒரு வரி எழுதி வைக்கிறார். சில மாதங்களுக்குப் பின் வேறொருவர் அந்த வட்டை முறையாகப் பிரித்துக் கழற்றி எடுத்துவிடுகிறார். வரி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்வரை இதனால் எந்தத் தொல்லையும் இல்லை.

மறுதொடக்கத்தின்போது சிஸ்டம்டி அந்த வரியைப் படித்து, அந்த வட்டு தோன்றும் என்று காத்திருக்கத் தொடங்குகிறது. ஒரு தொடக்கப் பணி ஓடிக்கொண்டிருக்கிறது என்ற செய்தியும், அருகில் நகரும் நொடிக் கணக்கும், வரம்பாக 1 நிமிடம் 30 விநாடி என்பதும் திரையில் தெரியும். வட்டு வராது. 90 விநாடி முடிந்ததும், உள்ளூர் வட்டுப் பகுதிகளை இணைக்கும் பணி தோல்வியடைந்ததாக அறிவித்துவிட்டு, சிஸ்டம்டி அவசர நிலைக்குப் போய்விடும். வலையமைப்பு எழாது, எஸ்எஸ்ஹெச் எழாது. தொலைவில் இருப்பவருக்குச் சர்வர் இறந்துவிட்டது போலவே தோன்றும். உண்மையில் ஃபர்ம்வேர், கிரப், கெர்னல், ரூட் வட்டு எல்லாமே நலமாக இருக்கின்றன. துவக்கத்துக்குத் தேவையே இல்லாத ஒரு வட்டின் பெயரால் எல்லாம் நிற்கின்றன.

அவசர நிலையில் ரூட் கணக்கின் (முழு அதிகாரமுள்ள நிர்வாகிக் கணக்கு) கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போய், அந்த வரியின் தொடக்கத்தில் குறிப்புரைக் குறியை இட்டுவிட்டு மறுபடி துவக்கினால் சர்வர் எழுந்துவிடும். ரூட் கோப்பு முறைமை படிக்க மட்டும் என்ற நிலையில் இருந்தால், முதலில் அதை எழுதும் நிலைக்கு மறு இணைப்புச் செய்ய வேண்டும். இல்லையேல் திருத்திய கோப்பைச் சேமிக்க முடியாது. ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கும் சில அமைப்புகளில் அவசர நிலைக்குள் நுழையவும் வழி இராது. அங்கே கீழே சொல்லப்போகும் மீட்பு முறைதான் கைகொடுக்கும்.

இதைத் தடுப்பது இதைவிட எளிது. சர்வர் துவங்குவதற்கு இன்றியமையாதவை அல்லாத வட்டுகளின் வரியில் "நோஃபெயில்" என்ற தேர்வைச் சேர்த்தால், அந்த வட்டு இல்லாவிட்டாலும் துவக்கம் தொடரும். சாதனப் பெயருக்குப் பதிலாக யூயூஐடியை எழுத வேண்டும். ஏனெனில் கெர்னல் வட்டுகளைக் கண்டறியும் வரிசை மாறினால் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களும் தமக்குள் மாறிக்கொள்ளும். கோப்பைத் திருத்தியவுடன் ஃபைண்ட்எம்என்டி கட்டளையை அதன் சரிபார்ப்புத் தேர்வோடு ஓட்டினால், இல்லாத வட்டையும் தவறான எழுத்தையும் அப்போதே சுட்டிக்காட்டிவிடும். ஒரு நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனையை விட்டுவிடுவதால் நள்ளிரவில் வீணாகும் மணிநேரங்களைப் பார்க்கும்போது, இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும் என்றே தோன்றுகிறது.

நிறுவல் என்ற சொல்லுக்குள் நடப்பவை

இப்போது பிழை பிறக்கும் இடத்துக்கு வருவோம். ஒரு மென்பொருளையும் அதைப் பற்றிய விவரங்களையும் நிறுவும் வழிமுறைகளையும் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கும் கோப்புக்குப் பேக்கேஜ் என்று பெயர். டெபியன் குடும்பத்தில் ஏபிடியும் அதன் கீழே டிபிகேஜியும், ரெட் ஹேட் குடும்பத்தில் டிஎன்எஃப்பும் அதன் கீழே ஆர்பிஎம்மும் இவற்றைக் கையாள்கின்றன.

ஒரே கட்டளையாகத் தெரியும் நிறுவலுக்குள் பல படிகள் இருக்கின்றன. முதலில், இந்தப் பேக்கேஜுக்கு வேறு எவையெல்லாம் வேண்டும் என்று கணக்கிடப்படுகிறது. இதற்குச் சார்பு என்று பெயர். பிறகு பதிவிறக்கம். பிறகு, வந்து சேர்ந்தது உண்மையான வெளியீட்டாளரிடமிருந்துதான் வந்ததா என்று மின்கையொப்பம் சரிபார்க்கப்படுகிறது. பிறகு கோப்புகள் பிரிக்கப்பட்டு அடைவுகளில் வைக்கப்படுகின்றன. கடைசியாக, பேக்கேஜுடன் வந்த அமைப்பு ஸ்கிரிப்ட் (கட்டளைகளின் தொகுப்பு) ஓடுகிறது. பயனர் கணக்கை உருவாக்குவது, சேவையைப் பதிவு செய்வது, இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைப் புதிதாகக் கட்டுவது எல்லாம் இந்தக் கடைசிப் படியில்தான் நடக்கும்.

கோப்புகள் பிரிக்கப்பட்டு, அமைப்பு ஸ்கிரிப்ட் மட்டும் தோல்வியடைந்தால், அந்தப் பேக்கேஜ் பாதி நிறுவப்பட்ட நிலையில் நிற்கும். நிரல் கோப்பு வட்டில் இருப்பதால் "நிறுவியாகிவிட்டது" என்ற எண்ணம் வந்துவிடும். டிபிகேஜியின் பட்டியலில் வரியின் தொடக்கத்தில் வரும் இரண்டு எழுத்துகள் உண்மையைச் சொல்லும்: ஐஐ என்றால் முழுமையாக அமைந்துவிட்டது, ஐயு என்றால் பிரிக்கப்பட்டிருக்கிறது, அமைக்கப்படவில்லை, ஐஎஃப் என்றால் அமைக்கும் முயற்சி தோற்றுவிட்டது. காரணத்தை நீக்கிய பிறகு, நிலுவையில் நிற்கும் எல்லாப் பேக்கேஜ்களையும் அமைத்து முடிக்கும்படி டிபிகேஜியிடம் சொல்லலாம்.

பூட்டு பற்றிய செய்தி தனியாகச் சொல்லத் தக்கது. இரண்டு நிறுவல்கள் ஒரே நேரத்தில் பேக்கேஜ் தரவுத்தளத்தில் எழுதாமல் இருக்க ஒரு பூட்டுக் கோப்பு பயன்படுகிறது. பூட்டைப் பெற முடியவில்லை என்ற செய்தி வந்தால் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள் என்று தயங்காமல் அறிவுரை கூறுகிறார்கள். இது ஆபத்தான அறிவுரை. பின்னணியில் தானியங்கிப் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருப்பதுதான் பெரும்பாலும் காரணம். செய்தியிலேயே பல நேரங்களில் எந்தச் செயல் பூட்டை வைத்திருக்கிறது என்று அதன் எண்ணும் இருக்கும். அந்தச் செயல் முடியும்வரை காத்திருப்பதே சரி. பூட்டை அழித்துவிட்டு இரண்டாவது நிறுவலைத் தொடங்கினால், தரவுத்தளமே குழம்பிவிடக்கூடும்.

கையொப்பப் பிழைக்கும் இதேபோல் ஒரு தவறான மருந்து உண்டு: சரிபார்ப்பையே நிறுத்திவிடுவது. வெளியீட்டாளரின் திறவுகோல் சர்வரில் இல்லாததோ, சர்வரின் கடிகாரம் பின்தங்கியிருப்பதோ காரணமாக இருக்கலாம். கடிகாரம் பின்தங்கினால், பேக்கேஜ்கள் வைக்கப்பட்டிருக்கும் களஞ்சியத்தின் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்ற விசித்திரமான செய்தி வரும். நேரத்தைச் சரிசெய்தால் போதும்.

சுருக்கமாக: நிறுவல் என்பது கணக்கிடுதல், பதிவிறக்கம், சரிபார்ப்பு, பிரித்தல், அமைத்தல் என்ற படிகளின் தொகுப்பு. எந்தப் படியில் நின்றது என்று தெரிந்துகொள்ளாமல் அதே கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதால் பயன் இல்லை. செய்திகள் பல ஓடியிருந்தால், கடைசி வரியைக் காட்டிலும் முதலில் தோன்றிய பிழையைத் தேடிப் படிக்க வேண்டும். பின்னால் வருபவை பெரும்பாலும் முதல் பிழையின் விளைவுகளே.

சொல்வதும் பொருளும் வேறாகும் செய்திகள்

சில பிழைச் செய்திகள் சரியாகவே சொல்கின்றன. நாம்தான் வேறாகப் புரிந்துகொள்கிறோம்.

"அப்படிப்பட்ட கோப்போ அடைவோ இல்லை" என்ற செய்தி, கண்ணெதிரே பட்டியலில் தெரியும் நிரலை ஓட்டும்போதே வருவதுண்டு. இல்லாமல் போனது அந்த நிரல் அல்ல, அதை ஓட்டித் தர வேண்டிய மற்றொரு நிரல். ஸ்கிரிப்டின் முதல் வரி எந்த மொழிபெயர்ப்பி தன்னை ஓட்ட வேண்டும் என்று குறிப்பிடுகிறது. விண்டோஸில் திருத்தப்பட்ட ஸ்கிரிப்டில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத கூடுதல் எழுத்து ஒன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் மொழிபெயர்ப்பியின் பெயரும் ஓர் எழுத்து நீண்டுவிட, அந்தப் பெயரில் எதுவும் இல்லை என்று கெர்னல் சரியாகவே சொல்கிறது. அந்தக் கூடுதல் எழுத்துகளை நீக்கியதும் ஸ்கிரிப்ட் ஓடும்.

"சாதனத்தில் இடம் மிச்சமில்லை" என்ற செய்தி வரும்போது டிஎஃப் கட்டளை இன்னும் இடம் இருப்பதாகக் காட்டலாம். கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஐநோட் என்ற ஒரு பதிவு வேண்டும். எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் அவற்றின் எண்ணிக்கை உருவாக்கும்போதே முடிவு செய்யப்பட்டுவிடுகிறது. மிகச் சிறிய கோப்புகள் லட்சக்கணக்கில் குவிந்தால், பைட்டுகள் மிஞ்சியிருக்கும்போதே ஐநோட்கள் தீர்ந்துபோகும். டிஎஃப் கட்டளைக்கு ஐ என்ற தேர்வைச் சேர்த்தால் இது தெரியும். அதே கோப்பு முறைமையில் இயல்பாக 5 சதவீத இடம் ரூட் பயனருக்கென ஒதுக்கப்பட்டிருப்பதால், ரூட்டாக எழுத முடிவதும் சேவையால் எழுத முடியாததும் ஒரே நேரத்தில் நேரலாம். செய்திகள் பதியப்படும் பெரிய லாக் கோப்பை அழித்தும் இடம் திரும்பவில்லை என்றால், ஏதோ ஒரு நிரல் அந்தக் கோப்பை இன்னும் திறந்து வைத்திருக்கிறது; அந்த நிரலை மறுதொடக்கம் செய்தால்தான் இடம் விடுபடும்.

பகிர்வு லைப்ரரியை ஏற்ற முடியவில்லை என்பது மூன்றாவது. பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் குறிமுறைக் கோப்பே லைப்ரரி. 2022-இல் வெளியான உபுண்டு 22.04 ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 பதிப்புக்கு மாறியது, பழைய 1.1 பதிப்பின் லைப்ரரியை எதிர்பார்த்துக் கட்டப்பட்ட நிரல்கள் அங்கே ஓட மறுத்தன. எல்டிடி கட்டளை, ஒரு நிரலுக்கு வேண்டிய லைப்ரரிகளில் எது கிடைக்கவில்லை என்று காட்டும். புதிய லைப்ரரிக்குப் பழைய பெயரில் இணைப்பு ஒன்றை உருவாக்கி ஏமாற்றுவது தீர்வாகாது. பெயர் ஒத்துப்போனாலும் உள்ளே உள்ள செயல்கூறுகள் ஒத்துப்போகாமல், நிரல் பிறகு எங்கோ ஓரிடத்தில் முறிந்து விழும். நிரலின் புதிய பதிப்பைப் பெறுவதே முறை.

பாதி நிறுவலிலிருந்து முழு நிறுத்தம் வரை

இரண்டு பாடங்களும் சந்திக்கும் இடம் பூட் பகுதி. கெர்னல் கோப்புகளும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்புகளும் பூட் என்ற அடைவில் இருக்கின்றன; பல சர்வர்களில் இதற்கென்று சில நூறு மெகாபைட் அளவில் தனிப் பகுதி ஒதுக்கப்பட்டிருக்கும். கெர்னல் கோப்பைக் காட்டிலும் இனிட்ராம்எஃப்எஸ் பல மடங்கு பெரிதாக இருக்கக்கூடும். ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்பும் பழையதை வைத்துக்கொண்டே புதியதைச் சேர்ப்பதால், பழையவை நீக்கப்படாமல் போனால் இந்தப் பகுதி மெல்ல நிரம்பிவிடும்.

ஒருநாள் புதிய கெர்னல் கோப்பு கடைசி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அடுத்து இனிட்ராம்எஃப்எஸ் கட்டப்படும்போது இடம் போதாமல் நிற்கிறது. பேக்கேஜ் ஐஎஃப் நிலைக்குப் போகிறது. தானியங்கிப் புதுப்பிப்பாக இருந்தால் அந்தச் செய்தி ஒரு லாக் கோப்பில் எழுதப்பட்டு, யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. பிறகு வேறு காரணத்துக்காகக் கிரப் மெனு புதுப்பிக்கப்படும்போது, துணைக் கோப்பு இல்லாத அந்தப் புதிய கெர்னலும் மெனுவில் முதலிடத்துக்கு வந்துவிடுகிறது. நினைவகத்தில் பழைய கெர்னல் இருப்பதால் சர்வர் எந்தக் குறையும் இன்றி ஓடுகிறது. மறுதொடக்கம் நடக்கும் நாளில் மேலே கண்ட 0,0 பேனிக் திரையில் வந்து நிற்கிறது.

அன்றைக்கு வட்டையும் நினைவகத்தையும் சோதித்து நேரத்தைச் செலவிடுபவர்கள் காரணத்தை நெருங்கவே மாட்டார்கள். கிரப் மெனுவில் மேம்பட்ட தேர்வுகளுக்குள் சென்று பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் சர்வர் எழுந்துவிடும். எழுந்த பின் தேவையற்ற பழைய கெர்னல்களைப் பேக்கேஜ் கருவி வழியாகவே நீக்கி, நிலுவையில் உள்ளதை அமைத்து முடித்து, இனிட்ராம்எஃப்எஸ் கட்டப்பட்டுவிட்டதா என்று பூட் அடைவில் பார்க்க வேண்டும். அந்த அடைவில் உள்ள கோப்புகளைக் கையால் அழித்தால், பேக்கேஜ் தரவுத்தளத்துக்கும் வட்டுக்கும் பொருத்தமில்லாமல் போகும்.

மீட்பு: குறைந்த தலையீட்டிலிருந்து தொடங்குதல்

முதலில் பழைய கெர்னல். அது உதவவில்லை என்றால், கிரப் மெனுவில் கெர்னல் கட்டளை வரியைத் திருத்தி, சிஸ்டம்டியின் மீட்பு நிலைக்கு நேரே போகலாம்; அதில் சேவைகள் பலவும் தொடங்கப்படாமல் ஒரு நிர்வாகிக்கான கட்டளைச் சூழல் மட்டும் கிடைக்கும். அதுவும் முடியாதபோது, வெளியிலிருந்து ஒரு நிறுவல் ஊடகத்தில் சர்வரைத் துவக்க வேண்டும். மேகக் கணிமையில் அந்த வட்டைக் கழற்றி நலமாக ஓடும் வேறொரு சர்வரில் இணைப்பது இதற்கு ஈடு.

வெளி ஊடகத்தில் துவங்கிய பின் சிஎச்ரூட் என்ற கட்டளை பயன்படும். பழுதான அமைப்பின் வட்டை ஓர் அடைவில் இணைத்துவிட்டு, இனி அந்த அடைவையே ரூட்டாகக் கொள் என்று சொல்வது இது. அதற்கு முன்பு அந்த அமைப்பின் பூட் பகுதியையும், ஓடும் கெர்னலின் டெவ், ப்ராக், சிஸ் ஆகிய மூன்று அடைவுகளையும் உள்ளே இணைத்துத் தர வேண்டும். இதை மறந்தவர்கள் கிரப்பை மறுபடி நிறுவும்போது சாதனம் தெரியவில்லை என்ற பிழையைப் பெறுவார்கள். அல்லது பூட் பகுதி இணைக்கப்படாத வெற்று அடைவுக்குள் புதிய கோப்புகளை எழுதிவிட்டு, ஏன் எதுவும் மாறவில்லை என்று திகைப்பார்கள்.

எஃப்எஸ்சிகே பற்றி ஓர் எச்சரிக்கை. கோப்பு முறைமையின் உள் ஒழுங்கைச் சோதித்துத் திருத்தும் இந்தக் கருவியை, எழுதும் நிலையில் இணைக்கப்பட்டிருக்கும் பகுதியின் மீது ஒருபோதும் ஓட்டக் கூடாது. கெர்னலும் கருவியும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று அறியாமல் எழுதும்போது, சிறு பழுது பெரிய இழப்பாகிவிடும். வட்டே பழுதாகிக்கொண்டிருப்பதாக கெர்னல் செய்திகள் காட்டினால், திருத்துவதற்கு முன்பு பிரதி எடுப்பதே முதல் வேலை.

மற்ற யுனிக்ஸ் அமைப்புகளில் பெயர்கள் மாறும், வரிசை மாறாது. ஃப்ரீபிஎஸ்டியில் ரூட் வட்டு கிடைக்காதபோது "மவுன்ட்ரூட்" என்ற குறி தோன்றி, எந்த வட்டு என்று நம்மையே கேட்கும். அங்கே ஆர்சி.கான்ஃப் கோப்பில் ஒரு மேற்கோள் குறி விடுபட்டாலும் துவக்கம் தடைபடலாம். ஒற்றைப் பயனர் நிலைக்குப் போய் ரூட்டை எழுதும் நிலைக்கு மாற்றித் திருத்த வேண்டும். சொலாரிஸில் எழாத சேவையையும் அதற்குக் காரணமான மற்றொரு சேவையையும் எஸ்விசிஎஸ் கட்டளை விளக்கமாகவே எடுத்துச் சொல்லும்.

மறுதொடக்கத்துக்கு முன்பும் பின்பும்

சர்வர் எழுந்த பிறகு, தோல்வியடைந்த சேவைகளைச் சிஸ்டம்சிடிஎல் கட்டளையால் பட்டியலிட்டுப் பார்க்க வேண்டும். முந்தைய துவக்கத்தின் செய்திகளை ஜர்னல்சிடிஎல் காட்டும். ஆனால் அவை வட்டில் சேமிக்கப்பட்டிருந்தால்தான். இயல்பு அமைப்பில், வார் அடைவின் கீழ் லாக் அடைவுக்குள் ஜர்னல் என்ற அடைவு இருந்தால் செய்திகள் நிலைத்து நிற்கும். இல்லாவிட்டால் நினைவகத்தில் மட்டும் இருந்து, மறுதொடக்கம் ஆனதும் மறைந்துவிடும். எனவே அந்த அடைவைச் சர்வர் நலமாக இருக்கும்போதே உருவாக்கி வைக்க வேண்டும்.

திட்டமிட்ட மறுதொடக்கத்துக்கு முன்பு பார்க்க வேண்டியவை சிலவே: பேக்கேஜ்கள் எல்லாம் முழுமையாக அமைந்திருக்கின்றனவா, பூட் பகுதியில் இடம் இருக்கிறதா, மெனுவில் முதலில் வரும் கெர்னலுக்கு இனிட்ராம்எஃப்எஸ் இருக்கிறதா, எஃப்எஸ்டேப் சரிபார்ப்பில் தேறுகிறதா, கன்சோலுக்கான கடவுச்சொல் இப்போதும் வேலை செய்கிறதா. கடைசியாகச் சொன்னதை மறுதொடக்கக் கட்டளை கொடுப்பதற்கு முன்பே உள்நுழைந்து பார்த்து உறுதி செய்ய வேண்டும். கெர்னலையோ வட்டு அமைப்பையோ மாற்றினால், மாற்றியவர் அருகில் இருக்கும்போதே, அதே பராமரிப்பு நேரத்துக்குள் ஒரு மறுதொடக்கத்தையும் செய்து முடித்துவிடுவது நல்லது. அப்போது தேட வேண்டியிருப்பது அன்றைய ஒரு மாற்றத்துக்குள் மட்டுமே.